இருபத்தொன்றாம் பக்கம்

அல்கனேனா,
போர்ச்சுகல்,
11 நவம்பர் 1997

அன்புள்ள ஒடீலியா அக்காவுக்கு,

நானும் இவோனும் சுகம். என் காது மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தோல் உருட்டும் பீப்பாய்களுக்கு நடுவே முப்பது வருஷம் நின்றவனுக்கு வேறென்ன கிடைக்கும்? நீ டெலிபோன் செய்தால் என் வீட்டுக்காரி இவோன்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் பாதியைச் சொல்கிறாள், மீதியை விட்டுவிடுகிறாள். அதனால்தான் கடிதம். பிரஸ்ஸல்ஸ் மழையில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இன்று புனித மார்ட்டின் திருநாள். நம் தோல் ஆலை முற்றத்தில் கஷ்கொட்டை சுட்டு, புது ஒயின் திறந்தோம். யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. காலையில்தான் நகராட்சி நோட்டீஸ் வந்தது. அடுத்த வருஷக் கடைசிக்குள் கழிவுநீரை ஓடையில் விடுவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஆலைக்குப் பூட்டு. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். செஃபெரினோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி அவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

எனக்கு ஒரு வழி தெரியும் அக்கா. தோலிலிருந்து மயிரை நீக்கிய சுண்ணாம்புத் தண்ணீரை வெளியே விடாமல், மூடிய தொட்டியில் அமிலம் சேர்த்துத் தெளியவைத்தால், அதே தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சேறு நல்ல உரம். சின்னத் தொட்டியில் இரண்டு வருஷமாகச் செய்து பார்க்கிறேன். பெரிதாகச் செய்யக் கையில் ஒன்றுமில்லை. பாங்கு மேனேஜர் என் தொட்டியின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

செஃபெரினோதான் கேட்டான்: "ஒங்க அக்கா அஞ்சு வருஷமா அங்க ஒக்காந்து, ஊரான் கம்பெனிக்கெல்லாம் ஐரோப்பா காசு வாங்கித் தர்றாங்களே, சொந்தத் தம்பிக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்களா மொதலாளி?"

பதில் எழுது.

உன் தம்பி,
ஃபிர்மினோ


பிரஸ்ஸல்ஸ்,
28 நவம்பர் 1997

அன்புத் தம்பி ஃபிர்மினோவுக்கு,

முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகம். இவோனுக்கு என் முத்தம்.

செஃபெரினோவிடம் சொல்: ஊரான் கம்பெனிக்கும் நான் இதுவரை ஒன்றும் வாங்கித் தரவில்லை. ஐந்து வருஷத்தில் பதினோரு விண்ணப்பம் அனுப்பினேன், பதினொன்றும் திரும்பி வந்தன. எனக்குச் சம்பளம் தரும் சிறு கம்பெனிகள் சங்கத்தின் தலைவர் நேருக்கு நேர் சொல்லிவிட்டார், அடுத்த வருஷமும் இப்படியே போனால் பிரஸ்ஸல்ஸ் மேசையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நாம் இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

விதியைச் சொல்கிறேன், கேள். தனி ஆளுக்கு நிதி கிடையாது. குறைந்தது மூன்று நாட்டுச் சிறு கம்பெனிகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும். விண்ணப்பம் இருபதே பக்கம். இருபத்தொன்று வைத்தால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். கடைசி நாள் மார்ச் ஆறு.

ஜனவரியில் இங்கே கூட்டாளி தேடும் நாள் ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய கூடம், நூறு மேசை, மேசைக்கு அரை மணி நேரம். மணி அடித்ததும் எழுந்து அடுத்த மேசைக்குப் போக வேண்டும். பெண் பார்க்கிற மாதிரிதான், காப்பி மட்டும் மோசமாக இருக்கும். நீ வா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன்.

நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஒடீலியா


அல்கனேனா,
2 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்கா,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த பாலாடைக்கட்டியை இவோன் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாள். எல்லோரும் நலம்.

அந்தக் கூடத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. எத்தனை கோட்டுகள், எத்தனை அட்டைகள்! பத்தொன்பது மேசையில் உட்கார்ந்தேன், பத்தொன்பது பேரும் என் தோளுக்கு மேலே அடுத்த ஆளைத் தேடினார்கள். இருபதாவது மேசையில்தான் அந்த கிரேக்கர் ஸ்ட்ராத்தோஸ். நான் கைநீட்டியதும் குலுக்கவில்லை, பிடித்து மோந்து பார்த்தார். நீ வெலவெலத்துப் போனாய்.

"சுண்ணாம்பு! சோப்பு போட்டும் போகல பாரு! இந்தக் கட்டடத்துல நெஜமா வேலை செய்ற ஆளு நாம ரெண்டு பேருதான்யா" என்று அவர் தன் ஓட்டைப் பிரெஞ்சில் கத்தியதை நீ மொழிபெயர்க்கும் முன்பே நான் புரிந்துகொண்டேன். லெஸ்போஸ் தீவில் அவருக்கு ஏழு பேர் கொண்ட ஆலை. அவர் ஓடையும் நம் ஓடை போலவே கறுப்பாம். மணி அடித்தும் நாங்கள் எழவில்லை. அயர்லாந்துப் பம்பு கம்பெனிக்காரரை அவரே இழுத்து வந்து உட்காரவைத்தார். அக்கா, அன்று எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் ஒரு சிநேகிதன் கிடைப்பது லேசான விஷயமா?

நான் கையால் எழுதியது முழுவதையும் இத்துடன் அனுப்புகிறேன். இருபத்தாறு பக்கம். எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள், கடைசிப் பக்கத்தில் மட்டும் கைவைக்காதே. போன ஆகஸ்டு வெயிலில் நடந்ததை அதில் எழுதியிருக்கிறேன். சேற்றுக் குழியோரம் இரண்டு பூனைகள் செத்துக் கிடந்தன. எட்டிப் பார்த்த செஃபெரினோ மயங்கிச் சரிந்தான், நான் சட்டையைப் பிடித்திருந்ததால் பிழைத்தான். பெரிய தொட்டியில் அந்தச் சேறு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

உன்,
ஃபிர்மினோ


பிரஸ்ஸல்ஸ்,
9 மார்ச் 1998

அன்புத் தம்பி,

அனுப்பிவிட்டேன்! நேரம் முடியப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பக் கட்டைக் கையில் கொடுத்து முத்திரை வாங்கினேன். முழங்காலை மறந்து மூன்று மாடி ஓடியிருக்கிறேன். இரண்டு நாளாகப் படுக்கைதான். சூப் குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் எழுத்தைக் குறைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா ஆலை தொடங்கிய கதை நான்கு பக்கம்! அதை யார் கேட்டார்கள்? "தெரியவில்லை" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். தெரியவில்லை என்று சொல்கிறவனை நம்பி யார் நிதி கொடுப்பார்கள்? பதினோரு முறை தோற்றவள் சொல்கிறேன், மதிப்பிடுகிறவர்கள் சந்தேகத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். இப்போது உன் திட்டம் சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி இருக்கிறது. உனக்கே அடையாளம் தெரியாது.

ஆங்கிலப் பிரதி ஒன்று உனக்கு வருகிறது. ஸ்ட்ராத்தோஸுக்கும் அனுப்பினேன். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள், கிரேக்கத்தில் பெயர்த்து வாசித்துக் காட்டுவாளாம். உன் கையெழுத்துக் கட்டையும் பிறகு திருப்பி அனுப்புகிறேன்.

இனி நம் கையில் ஒன்றுமில்லை. இவோனை மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்.

அன்புடன்,
ஒடீலியா


அல்கனேனா,
25 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

முழங்காலுக்கு ரோஸ்மேரி எண்ணெய் அனுப்பியிருக்கிறாள் இவோன். சூடாக்கித் தேய்க்க வேண்டுமாம். நாங்கள் நலம்.

ஆங்கிலப் பிரதி வந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் எண்ணத் தெரியும். இருபது பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணைதான் இருக்கிறது. பூனை விஷயம் நடுவில் எங்காவது இருக்கிறதா? செஃபெரினோ தன் பெயரைத் தேடி ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்தான், கிடைக்கவில்லை. "நான் செத்துப் பொழச்சது எழுத்துல ஏறலியா மொதலாளி?" என்கிறான்.

ஒரு வரி எழுது.

ஃபிர்மினோ


பிரஸ்ஸல்ஸ்,
20 ஜூன் 1998

என் செல்லத் தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி. கிடைத்துவிட்டது!

எண்பது விண்ணப்பத்தில் ஒன்பதுதான் தேறின. நம்முடையது மூன்றாவது. "அபாயம் எதுவும் இல்லாத, தெளிவான வழிமுறை" என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன். சங்கத் தலைவர் பூங்கொத்து அனுப்பினார். மேசை தப்பியது. உன் பதினோரு பேரும் தப்பினார்கள்.

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வேலை தலைக்கு மேல் இருந்தது. எண்ணெய் நன்றாகக் கேட்கிறது, இவோனிடம் சொல். நீ கேட்டதற்கு: தேவையானது எல்லாம் இருபது பக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது, கவலைப்படாதே.

அந்த இருபது பக்கம்தான் இனி ஒப்பந்தம். மூன்று கூட்டாளிகளும் அதில் உள்ளபடியே வேலை செய்ய வேண்டும். ஒரு வரியை மாற்றுவதானாலும் மேலே கேட்டு, மதிப்பீட்டையே திரும்பத் திறக்க வேண்டும். அதனால் யாரும் எதையும் கிளற வேண்டாம்.

உன் தொட்டிக்கு நகராட்சி அனுமதி அக்டோபரில்தான் கிடைக்குமாமே. ஸ்ட்ராத்தோஸிடம் பழைய குழியும் தொட்டியும் தயாராக இருக்கின்றன. அவரே முதலில் தொடங்குகிறார். ஜூலையிலேயே!

அன்பு முத்தங்களுடன்,
ஒடீலியா


அல்கனேனா,
3 ஜூலை 1998

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆலை முற்றத்தில் பெட்டி மேல் ஏறி நின்று வாசித்தேன். பீப்பாய்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசித்தேன், அது நம் அப்பா செத்த அன்று மட்டும் நடந்த விஷயம். மத்தி மீன் சுட்டோம். செஃபெரினோ ஆடினான். உடம்பு நலம், மனசும் நலம். உனக்கு எப்படி நன்றி சொல்ல?

ஆனாலும் ஒன்று, அக்கா. ஜூலை என்றால் அங்கே வெயில் எப்படி அடிக்கும்! கடைசிப் பக்கத்தில் உள்ளதை ஸ்ட்ராத்தோஸுக்கு நீயே வாயாலும் ஒருமுறை சொல்லிவிடு. எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்லு. நான் டெலிபோனில் பேச முடிந்தால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். மறக்காதே.

உன்,
ஃபிர்மினோ


பிரஸ்ஸல்ஸ்,
12 ஆகஸ்டு 1998

அன்புத் தம்பி,

அலுவலகத்தில் ஈ, எறும்பு இல்லை. எல்லோரும் விடுமுறையில். நானும் நாளை காலை கடற்கரைக்குக் கிளம்புகிறேன், பத்து நாள். ஐந்து வருஷத்தில் முதல் விடுமுறை, நீ கொடுத்தது. நீயும் இவோனும் நலம்தானே?

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். இன்று ஸ்ட்ராத்தோஸ் தொலைபேசியில் வந்தார். என்ன சிரிப்பு அந்த மனுஷருக்கு!

"ஒங்க தம்பி மந்திரவாதிம்மா!" என்றார். "பத்து நாளா குழிப்பக்கம் அழுகின முட்டை நாத்தம், பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ளயே விடல. இன்னிக்கு மத்தியானம் குழியோரம் நின்னு பாக்குறேன், நாத்தமே இல்ல! சுத்தமா நின்னுபோச்சு! மாதா திருநாளுக்கு முன்னாடி சேத்தை அள்ளிடணும். நாளைக்குக் காலையில நானும் மருமவன் மனோலிஸும் எறங்குறோம்."

பிரமாதம் என்று சொன்னேன். வாடை போய்விட்டது என்பது அறிக்கைக்கு அருமையான முதல் வரி. அது ஏன் நின்றது என்று நீ இரண்டு வரி எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஒடீலியா


அல்கனேனா,
19 ஆகஸ்டு 1998

அக்கா,

திருநாள் விடுமுறையால் உன் கடிதம் இன்றுதான் வந்தது. லெஸ்போஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்: இறங்காதே, விழுந்தவனைத் தூக்கவும் இறங்காதே என்று. உன் வீட்டுக்கும் ஆபீசுக்கும் இவோன் டெலிபோன் செய்தபடியே இருக்கிறாள், யாரும் எடுக்கவில்லை. ஸ்ட்ராத்தோஸ் வீட்டில் யாரோ எடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளை. இவோன் பேசுவது அவளுக்குப் புரியவில்லை, அவள் அழுவது மட்டும் இவோனுக்குப் புரிந்தது.

வாடை நின்றுவிட்டது என்று அவர் சொல்கிறார், நீ பிரமாதம் என்கிறாய். என் கடைசிப் பக்கத்தை நீ படித்தாயா இல்லையா?

ஃபிர்மினோ


லெஸ்போஸ்,
10 அக்டோபர் 1998

மதிப்புக்குரிய சகோதரி ஒடீலியாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். நான் ஸ்ட்ராத்தோஸின் மனைவி பெலாயியா. நான் சொல்ல, என் மகள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். மலர் வளையம் வந்தது, நன்றி. கூடவே நீங்கள் ஒரு வார்த்தை எழுதுவீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கும் வேலை இருக்கும்.

ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி காலை என் கணவர் குழியில் இறங்கினார். "வாசனை பாத்தியா? ஒண்ணுமே இல்ல பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் இறங்கினார். நான்காவது படியில் உட்கார்ந்தார். களைப்பாக இருக்கிறது என்று நினைத்தோம். மனோலிஸ் "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே பின்னால் குதித்தான். என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். இந்தக் கடிதத்தை எழுதுகிறவள் அவள்தான்.

தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தார். உங்கள் இருபது பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார். "இந்த முறையில் அபாயம் இல்லை என்று பெரிய பெரிய ஆட்களே எழுதியிருக்கிறார்கள். ஆகையால் உங்கள் புருஷன்தான் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறார்" என்றார். அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதப்போகிறார்கள். மருமகனைக் கொன்ற மாமன் என்று ஊரில் பேசுகிறார்கள். மனோலிஸின் தாய் கோவிலில் எனக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை.

என் கணவர் உங்கள் தாளில் இருந்ததை எழுத்துக்கு எழுத்துச் செய்தார். ஒவ்வொரு நாளும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் தப்பு செய்யவில்லை என்று காட்ட உங்களிடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா? விசாரணை பிப்ரவரியில் முடிகிறது.

உங்களை அவர் "போர்ச்சுகல் தங்கச்சி" என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
பெலாயியா


அல்கனேனா,
2 நவம்பர் 1998

ஒடீலியா அக்காவுக்கு,

இவோனுக்குச் சுகமில்லை, எனக்குத் தூக்கமில்லை. இன்று இறந்தோர் நாள். கல்லறையில் அப்பாவுக்கு ஒன்று, இன்னும் இரண்டு பேருக்கு இரண்டு என்று விளக்கு வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பெலாயியாவின் கடிதத்தை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் பெயர்த்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்?

நீ ஜூனில் திருப்பி அனுப்பிய என் கையெழுத்துக் கட்டை பிரிக்காமலே கிடந்தது. இன்று பிரித்தேன். அப்பாவின் கதைக்கு மேல் பென்சிலில் "வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய், சரி. என் கடைசிப் பக்கத்தின் தலையில் "21" என்று எண் போட்டு, வட்டமிட்டு, "இடமில்லை. பயமுறுத்தும். எடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறாய். ஆகவே, குறைத்துக் குறைத்து இருபத்தொன்றில் வந்து நின்றிருக்கிறாய். எடுக்க ஒரு பக்கம் தேவைப்பட்டது. அட்டவணையை வைத்துக்கொண்டு இதை எடுத்தாய். அதை நீ படித்திருக்கிறாய், அக்கா. படித்தும்தான் ஆகஸ்டில் பிரமாதம் என்றாய்.

உன்னை மட்டும் திட்டினால் நான் பொய்யன். மார்ச்சில் நான் எண்ணினேன், இருபது இருந்தது. நீ மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அப்போதே எனக்கு உள்ளுக்குள் தெரியும். இந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்த பாதிரியார் இருக்கிறார், கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்தப் பக்கம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? நிதி போய்விடும், ஆலை போய்விடும். அதனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

செஃபெரினோவிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. "எனக்கு ஒங்க கை இருந்துச்சு மொதலாளி. அந்த ஆளுக்கு அந்தக் காயிதமாவது இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டத்திலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். டிசம்பரில் ஆலை மூடுகிறது.

பக்கத்தை இத்துடன் வைக்கிறேன். அதை நான் எரிக்கவுமில்லை, தீவுக்கு அனுப்பவுமில்லை. நீ அனுப்பு. அனுப்பாமல் கிறிஸ்துமஸுக்கு இங்கே வராதே.

ஃபிர்மினோ


பிரஸ்ஸல்ஸ்,
30 ஜனவரி 1999

பெலாயியா அம்மாவுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு வாயில்லை.

நீங்கள் கேட்ட காகிதம் என்னிடம் இருக்கிறது. நவம்பரிலிருந்து மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை, இங்கேயே அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி கையால் எழுதிய பக்கம் அது. உங்கள் கணவருக்குப் போய்ச் சேர வேண்டியது. அசலை இத்துடன் அனுப்புகிறேன். தலையில் உள்ள பென்சில் எழுத்து என்னுடையது. இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் இருப்பதன் பொருள்: இடமில்லை, பயமுறுத்தும், எடுத்துவிடு. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்தேன். ஆகஸ்டில் அவர் தொலைபேசியில் பேசியபோது இந்தப் பக்கம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. எடுத்ததைவிட அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

விசாரணைக்கு நான் நேரில் வருகிறேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி கப்பலில் வந்து இறங்குவேன். நீங்கள் என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் பார்க்க வேண்டாம். மனோலிஸின் தாயிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது இது:

"வெயில் காலத்தில் சேறு இரண்டு நாளுக்கு மேல் குழியில் கிடந்தால் விஷக்காற்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் அடித்துக்கொண்டிருக்கும்வரை தப்பிக்க நேரம் இருக்கிறது. நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால், காற்று போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மூக்குதான் செத்துவிட்டது. உடனே ஓடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உங்கள் சொந்தத் தகப்பனாகவே இருந்தாலும், பின்னால் இறங்காதீர்கள். பெரிய தொட்டியில் இது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும்வரை யாரும் இறங்க வேண்டாம் என்று என் கூட்டாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்."

ஒடீலியா